கறுப்பில் அழுக்குத் தெரியாது

ஏனுங்க, இன்றைக்கு வண்டியின் டிக்கியைக் காலி செய்து துடைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெப்னிக்கு அடியில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் கவர் ஒன்று கிடந்தது. அவிழ்த்ததும் ஊறிக் காய்ந்த தேங்காய் நாரும் துணி சோப்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. நீங்கள் வண்டி தேய்க்கிற நார்க்கத்தை. உங்கள் உள்ளங்கைக்குத் தக்கபடி இறுகிப்போய், இடுக்கில் நீலச் சோப்பு ஒட்டிக்கொண்டு கிடந்தது. இது மாதிரி ஒன்றை நான் குப்பையில் வீசிவிட்டு வந்து சத்தம் போட்டதும், "செரி செரி, இனிமேல்ட்டுத் துணிலயே தொடைக்கறேன், உடு" என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறதா? இன்னொன்றை உருட்டி இங்கே ஒளித்து வைத்திருக்கிறீர்கள். இதைப் பார்த்து நான் கண் கலங்கியிருப்பேன் என்று நினைக்க வேண்டாம். எனக்கு வந்தது கோபம்தான்.

அதைக் காட்டுவதற்கும் வீட்டில் ஆள் இல்லை. நம் பெண் பவித்ராவுக்குக் கல்யாணமாகி அவள் மாப்பிள்ளையோடு கோயமுத்தூரில் இருக்கிறாள். உங்கள் படத்துக்கு முன்னால் நின்று கத்தினால் தோப்பில் வேலை செய்கிறவர்கள் என்ன ஏது என்று ஓடிவருவார்கள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் குறுக்கே பேச முடியாது என்பது ஒன்றுதான் இதில் எனக்கு வசதி.

பாலக்காட்டு ஷோரூமில் நின்று நான் வெள்ளை வண்டி என்றேன். வெள்ளை வர இரண்டு மாதம் ஆகும் என்றார்கள். நீங்கள் அங்கே நின்ற கறுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். "வெள்ளைல பொட்டு அழுக்குப் பட்டாலும் தெரியும் புள்ள. கறுப்புல அழுக்குத் தெரியாது. பேன்ட்டு மாதிரித்தான்" என்று என்னிடம் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்த ஷோரூம்காரர் வேகமாகத் தலையாட்டினார். அவரிடம் கையிருப்பில் கறுப்புதான் இருந்தது. ஆட்டாமல் என்ன செய்வார்?

நாம் இருப்பது கேரளப் பக்கம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குப் போகிற ரோட்டோரத்தில். விடிந்தால் அடைந்தால் எம்-சாண்ட் லாரி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற மாதங்களில் தோப்பு மண் மொத்தமும் எழுந்து வந்து வண்டி மேல்தான் உட்காரும். காலையில் கழுவிவிட்டால் மத்தியானம் பானெட்டில் விரலால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு மேல் நம் போர் தண்ணீர். பாத்திரத்தில் காய்ந்தாலே வெள்ளைத் திட்டு விழுகிற உப்புத் தண்ணீரை ஓஸ் பிடித்துக் கறுப்பு வண்டி மேல் அடித்து, உச்சி வெயிலில் காய விடுவீர்கள். வண்டி முழுக்கப் பொரி பொரியாக உப்பு. "என்னுங்க இது, தேமல் வந்த மாதிரி?" என்று கேட்டால், "தூரத்துல நின்னு பாரு, தெரியாது" என்பீர்கள்.

எருமைகளை விற்றபின் கட்டுத்தரை காலியாக இருந்தது என்று வண்டியை அங்கே நிறுத்தினீர்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் எருமையைக் குளிப்பாட்டிய பழக்கத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, நாரைத் தொட்டித் தண்ணீரில் முக்கி, சோப்பைத் தேய்த்து, முதுகில் ஆரம்பித்து விலாவுக்கு வந்து வட்டம் வட்டமாக அரக்கித் தேய்ப்பீர்கள். சக்கரத்துக்குத் தனித் துணிகூடக் கிடையாது. டயரில் ஓடிய நார், அதே மண்ணோடு கதவில் ஏறும். எல்லாம் முடிந்ததும் பின்பக்கம் போய் ஒரு தட்டு தட்டி, "போ" என்பீர்கள். அது நகராது. நான் அடுப்படி ஜன்னலில் நின்று தலையில் அடித்துக்கொள்வேன்.

ஆயுத பூஜைக்கு வைக்கிற சந்தனத்தை மட்டும் தொடவிடமாட்டீர்கள். பானெட்டின் நடுவில் அப்பளம் அகலத்துக்கு அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்து, "சாமிக்கு வெச்சது, தானா உதிரட்டும்" என்று வாரக்கணக்கில் வெயிலில் விட்டுவிடுவீர்கள். அது தானாக உதிர்ந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறல் விழுந்தது. அடுத்த வருஷம் அதை மறைக்க இன்னும் கொஞ்சம் அகலமாக அப்பினீர்கள்.

இப்படியெல்லாம் செய்த நீங்கள்தான் என் ஒரு கீறலுக்கு அப்படி ஆடினீர்கள்.

நான் ஓட்டக் கற்றுக்கொண்டது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. நீங்கள்தான் பணம் கட்டினீர்கள். டிரைவிங் ஸ்கூல் மலையாளச் சேச்சி பக்கத்தில் உட்கார்ந்து, "பேடிக்கண்டா, மெல்லெ மதி", பயப்படாதே, மெதுவாகப் போனால் போதும் என்று ஒவ்வொரு வளைவிலும் சொல்லிச் சொல்லி என் பயத்தை எடுத்தார். முதல் தடவையிலேயே டெஸ்டில் வண்டியை எச் போட்டுக் காட்டி லைசென்ஸ் வாங்கி வந்தேன். நீங்கள் பேக்கரியில் லட்டு வாங்கி வந்து தோப்பு ஆட்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். மறுவாரம் நம் வீட்டுக் கேட்டில் திரும்பும்போது இடது கதவு தூணில் உரசிவிட்டது. முழ நீளத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு. நீங்கள் இறங்கிக் குனிந்து அதைத் தடவிப் பார்த்தீர்கள். எனக்கு ஏதாவது பட்டதா என்று கேட்கவில்லை. "கறுப்பு வண்டில ஒரு கீறல் போட்டா ஊருக்கே தெரியும்" என்றீர்கள். அழுக்குத் தெரியாத கறுப்பில் என் கீறல் மட்டும் எப்படித் தெரிந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அன்று சட்டைப் பையில் போட்ட சாவியை அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் கொடுக்கவே இல்லை.

பாலுக்குப் போகக்கூட உங்களையோ உங்கள் தம்பியையோ எதிர்பார்த்து நின்றேன். லைசென்ஸ் பீரோவில் இருந்தது. விருந்தாளிகள் வந்தால், "எங்கூட்டுக்காரிக்கு லைசென்சு இருக்குது, கையில சாவி குடுத்தா கேட்டையே எடுத்துட்டு வந்துருவா" என்று சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே காபி கொடுத்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வண்டி கழுவிக்கொண்டிருந்தீர்கள். ஓஸ் தண்ணீர் வாசல்வரை ஓடி வந்ததைப் பார்த்துத்தான் நான் வெளியே வந்தேன். கட்டுத்தரைக் கல்லில் உட்கார்ந்திருந்தீர்கள். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தண்ணீர் என்று நினைத்தேன், வேர்வை. "நெஞ்சு கொஞ்சம் புடிச்சாப்புல இருக்குது" என்றீர்கள்.

"சாவியக் குடுங்க, பொள்ளாச்சி போயிறலாம்" என்றேன்.

"தம்பிக்குப் போன் பண்ணு. அவன் வரட்டும்."

"அவரு எங்கிருக்கறாரோ, எப்ப வர்றாரோ. குடுங்க, நான் ஓட்டறேன்."

பையின் மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, "நீ கேட்டுல உரசீருவே புள்ள" என்றீர்கள். சிரிக்கக்கூடப் பார்த்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடித்து விலக்கிப் பார்த்தேன். அந்த வலியிலும் உங்கள் பிடி அப்படி இருந்தது. தம்பி தன் தோப்பிலிருந்து பைக்கில் பறந்துதான் வந்தார், அவர் மேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர் வந்ததும் நீங்களே சாவியை எடுத்துக் கொடுத்தீர்கள். பின் சீட்டில் உங்கள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி வாசலுக்கு வண்டி போகும்போது நீங்கள் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டு வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தையாகத்தான் இருக்கும். எனக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

சாவி தம்பியிடமே இருந்தது. காரியம் முடிந்த அன்று சொந்தபந்தம் எல்லோரும் பந்தியில் இருக்கும்போது போய்க் கேட்டேன். "வண்டி சும்மாதானுங்களே நிக்குது அண்ணி, வேணுங்கறப்ப நானே வந்து ஓட்டறேன்" என்றார். "எனக்கு வேணுமுங்க தம்பி" என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் தோப்புக்குள்ளேயே ஓட்டினேன், பிறகு ரோட்டுக்கு வந்தேன். செக்போஸ்ட்வரை போய்த் திரும்புவேன். கேட்டில் உரசவில்லை.

பவித்ராவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தபோது எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. "என்ற புள்ளைய இந்த வண்டிலதான் மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்று நீங்கள் வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தீர்களே. நீங்கள் இல்லை, வண்டி இருக்கிறது, நான் இருக்கிறேன். நானே ஓட்டிக் கூட்டிப் போகிறேன் என்று சொன்னேன். தம்பி முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நல்ல காரியத்துக்குக் கறுப்பு வண்டிங்களா அண்ணி? என்ற பிரண்டு வெள்ள வண்டி வெச்சிருக்கறான். டிரைவரோட அனுப்பறேன்னான்."

"நீங்க போட்டிருக்கற பேன்ட்டும் கறுப்புத்தானுங்களே தம்பி" என்றேன்.

அவர் சொல்ல வந்தது வேறு என்று எனக்குத் தெரியும். பொட்டு இல்லாத நெற்றியோடு நான் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து போவதை ஊர் என்ன சொல்லும் என்பதுதான் அவர் கவலை. கெட்டவர் இல்லை. ஊர் சொல்லப் போவதை ஊருக்கு முந்திச் சொல்லிவிடுகிற ஆள், அவ்வளவுதான். நேராகச் சொல்ல வாய் வராமல் வண்டியைக் காட்டினார். "பாக்க லட்சணமா இருந்தாச் செரிங்க. இப்படி நரைச்ச எரும மாதிரி நின்னா மாப்பள ஊட்டுக்காரங்க முன்னாடி நமக்குத்தான் கேவலம்."

"அப்ப லட்சணமா இருந்தாப் போகலாம். நீங்களே சொல்லீட்டீங்க" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். எப்படியும் ஆகாது என்ற தைரியம்.

ஆடி முழுக்க எனக்கு இதே வேலை. பவித்ரா ஆபீஸிலிருந்து வீடியோ காலில் வந்து சொல்லிக் கொடுப்பாள், வேண்டியதைக் கூரியரில் அனுப்புவாள். போர் தண்ணீர் கூடாது என்றாள். ஆடிச் சாரலில் கூரை ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீரை டிரம் டிரம்மாகப் பிடித்து வைத்தேன். ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் துணி அலசுவதற்கு வெறும் தண்ணீர். நிழலில்தான் கழுவ வேண்டும், மேலிருந்து கீழே வர வேண்டும், தண்ணீரைக் காயவிடாமல் ஒற்றி எடுக்க வேண்டும். உப்புத் திட்டுக்கு வினிகரைத் தண்ணீரில் கலந்து ஒற்றினேன். வண்டி வினிகர் வாடையில் ஊறுகாய்ச் சட்டி மாதிரி இருந்தது.

அதன் பிறகு களிமண் கட்டி ஒன்று வந்தது. கழுவிய வண்டியில் களிமண்ணைத் தேய்க்கச் சொல்கிறாளே என்று நான் சிரித்தேன். "சிரிக்காதீங்கம்மா, கையில பிளாஸ்டிக் கவர மாட்டிக்கிட்டுத் தடவிப் பாருங்க" என்றாள். தடவினேன். கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிந்த கதவு கைக்கு நறநறவென்றது. உங்கள் எம்-சாண்ட், உங்கள் தோப்பு மண், எல்லாம் பெயின்ட்டில் பதிந்து கிடந்தது. ஷாம்புத் தண்ணீர் விட்டுக் களிமண்ணை மெதுவாக ஓட்டினால் அழுக்கு அதில் ஏறி வருகிறது. கை வழுக்குகிற அளவுக்கு ஆக ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு சாயங்காலத்தை எடுத்துக்கொண்டது.

அதெல்லாம் முடிந்து வண்டியைக் கட்டுத்தரையை விட்டு வெளியே எடுத்தேன். சாய்ந்த வெயில் பக்கவாட்டில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். பானெட், நான்கு கதவு, டிக்கி, எங்கே பார்த்தாலும் மெல்லிசு மெல்லிசாக வட்டக் கீறல்கள். ஒரு விரல் வைக்க இடம் விடாமல், வெயில் படுகிற பக்கமெல்லாம் சிலந்தி வலை மாதிரி மின்னின. இத்தனை வருஷமும் புழுதியும் உப்பும் சேர்ந்து அதை மூடி வைத்திருந்திருக்கின்றன. நாரால் நீங்கள் போட்ட வட்டங்கள். அவற்றுக்கு நடுவில் இடது கதவில் என் கோடு ஒன்றே ஒன்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஓஸை எடுத்து எறிந்தேன். எத்தனை ஆயிரம் கீறல் போட்டிருக்கிறீர்கள், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு. என் ஒரு கோட்டுக்காக அந்தச் சாவியைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தீர்கள். உங்கள் உயிரைக் காட்டிலும் அந்தக் கதவு பெரிதாகப் போய்விட்டதா என்று கட்டுத்தரையில் நின்று வாய்விட்டே கேட்டேன். வேலி ஓரத்தில் மட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து, கீறலைத் தேய்த்து எடுக்கிற காம்பவுண்டுப் பசை. பஞ்சு வைத்த திண்டில் அதைத் தொட்டுக்கொண்டு, உங்களைப் போலவே வட்டம் வட்டமாகத்தான் தேய்க்க வேண்டியிருந்தது. நீங்கள் போட்டதை எடுக்கவும் அதே கைவேலைதான். தோள்பட்டை வீங்கி, தைலம் தடவிக்கொண்டு தேய்த்தேன். சந்தன வட்டம் முக்கால்வாசி போயிற்று. நார்க்கீறல்கள் மங்கி மங்கி மறைந்தன. கூரை மட்டும் அப்படியே நிற்கிறது. ஸ்டூல் போட்டும் நடுவில் எட்டவில்லை. உங்கள் நினைவாக விட்டு வைத்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் கோடு ஆழம், அதுவும் போகவில்லை. மேலே மெழுகு பூசித் துடைத்து முடித்தபோது கதவில் என் முகம் தெரிந்தது. முகத்தின் குறுக்கே அந்தக் கோடு.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பெண்ணை மண்டபத்துக்குக் கூட்டிப் போகிற நேரம். வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். தம்பி ஒரு சுற்று சுற்றி வந்தார். எல்லாப் பக்கமும் குனிந்து பார்த்தார். இடது கதவுக்கிட்டே நின்று, "இது போகலைங்களா?" என்றார். "அது போகாதுங்க" என்றேன்.

உங்கள் சித்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார்கள். நான் சாவியைப் பிடித்தபடி பானெட் பக்கத்தில் நின்றேன். தம்பி தாழ்ந்த குரலில், "அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சித்தி வெக்கட்டும்" என்றார். பவித்ரா பட்டுப்புடவையைப் பிடித்துக்கொண்டு படியில் நின்றாள், அவள் கண் நிறைந்துவிட்டது. எனக்கு அந்த நேரத்தில் நெற்றியும் சடங்கும் எதுவும் மனசில் வரவில்லை. சித்தியின் மூன்று விரலில் வழிகிற சந்தனமும், நான் தைலம் தடவிக்கொண்டு தேய்த்த பானெட்டும்தான் தெரிந்தது.

"சித்தி, பானெட்டுல வேண்டாமுங்க. பெயின்ட்டத் தின்னுரும். ஒரு மாசமாத் தேய்ச்சிருக்கறேன்" என்றேன். கொஞ்சம் கோபமாகவே வந்துவிட்டது. "வெக்கறதுன்னா கண்ணாடில வெய்ங்க."

சித்தி கையை அந்தரத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்கள், வண்டியைப் பார்த்தார்கள். "கண்ணாடில வெச்சா உனக்கு ரோடு மறைக்காதா புள்ள?" என்று கேட்டார்கள்.

"ஓரமா வெய்ங்க, மறைக்காது."

கண்ணாடி ஓரத்தில் சின்னதாக வைத்துவிட்டு, மிச்சச் சந்தனத்தைத் தன் கையிலேயே தடவிக்கொண்டார்கள். "ஏறு சாமி, நேரமாச்சு" என்று பவித்ராவைக் கூப்பிட்டார்கள். நான் டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினேன். தம்பிதான் கேட்டை முழுசாகத் திறந்துவிட்டார்.

செக்போஸ்ட்டைத் தாண்டினேன். பொள்ளாச்சி ரோட்டில் லாரிகளுக்குப் பின்னால் போனேன், முந்த வேண்டிய இடத்தில் முந்தினேன். ஊருக்குள் அந்த ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அதைத் தாண்டித்தான் மண்டபம். பவித்ரா பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள். மண்டபத்துக் கேட் நம் கேட்டை விடக் குறுகல், இரண்டு பக்கமும் வாழைமரம், ஜனம். இலைகூட உரசாமல் உள்ளே கொண்டுபோய் நிறுத்தினேன்.

பெண்ணை எல்லோரும் இறக்கிக் கூட்டிப் போனபிறகு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. சந்தோஷம் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஏனுங்க, அந்த ஆஸ்பத்திரி அவ்வளவு தூரம்தானுங்க. நான் ஓட்டியிருப்பேன். உரசியிருந்தால் உரசியிருப்பேன், நாலு பக்கமும் நசுங்கியிருந்தாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்திருப்பேன்.

இந்த நாரை அடுப்பில் போடப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம் தண்ணீரில் கழுவுகிறேன், மத்தியானத்துக்குள் புழுதி வந்துவிடுகிறது, திட்டிக்கொண்டே மறுபடி துடைக்கிறேன். கதவில் என் கோடு இருக்கிறது. சாவி என் இடுப்பில் இருக்கிறது, தூங்கும்போது தலையணைக்கு அடியில். எங்கிருந்தாவது வந்து கையை நீட்டுங்கள் பார்க்கலாம். தரமாட்டேன். பின்னால் ஏறி உட்காருங்கள், நான் ஓட்டுகிறேன்.